முதலாளி வந்தால் கிளம்பும் வண்டி

ஸ்ரீவில்லிபுத்தூரில் சேர்ந்து பட்டறை நடத்தும் இரண்டு மெக்கானிக்குகள் போன மாதம் எனக்குப் போன் செய்தார்கள். ஒரு வண்டி ஓடும்போது திணறுகிறது என்று வாடிக்கையாளர் சொல்கிறார். ஸ்கேனரை மாட்டினால் கோளாறு எதுவும் இல்லை என்று காட்டுகிறது. இவர்கள் ஓட்டிப் பார்த்தாலும் திணறவில்லை. ஆளை நம்புவதா, கருவியை நம்புவதா என்று கேட்டார்கள்.

ஸ்கேனரைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. என் காலத்தில் அது இருந்திருந்தால் பல மதியங்களை வண்டிக்கு அடியில் படுத்துக் கழித்திருக்க மாட்டேன். ஆனால் கோளாறு பட்டறைக்கு வெளியே மட்டும் வந்து, பட்டறைக்குள் வராமல் இருந்தால் என்ன செய்வது என்பது பழைய கேள்வி. போனில் பதில் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டு, எழுதி அனுப்புகிறேன் என்றேன். ஓய்வு பெற்றவனுக்கு எழுத நேரம் இருக்கிறது.

தொழில் கற்ற கதையில் விசேஷம் எதுவும் இல்லை. ஐ.டி.ஐ. படிப்பு, சிவகாசியில் ஒரு லாரிப் பட்டறை, அதன்பின் ராஜபாளையத்தில் தென்காசி சாலையில் ஒரு கார் பட்டறை. அங்கேயே தலைமை மெக்கானிக் ஆகி, அங்கிருந்தே ஓய்வு பெற்றேன். கற்றதில் பாதி கையால் கற்றது. மீதியை எங்கள் முதலாளி ருக்மணி அக்கா டிரைவர்களிடம் பேசுவதைக் கேட்டுக் கற்றேன்.

பட்டறையைத் தொடங்கியவர் அக்காவின் கணவர். அவர் திடீரென்று இறந்தபோது, பட்டறையை விற்றுவிடுவார்கள் என்று நினைத்து நாங்கள் எல்லோரும் வேறு இடம் தேடத் தொடங்கினோம். அக்கா விற்கவில்லை. அதுவரை ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர், அந்த வேலையை விட்டுவிட்டுப் பட்டறையில் வந்து உட்கார்ந்தார். முதல் நாள் எங்களை நிற்க வைத்துச் சொன்னார்: "எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி நடிக்கவும் மாட்டேன். நோவு கேக்கத் தெரியும். அதை நான் பாத்துக்கிறேன். மத்ததை நீங்க பாருங்க."

அவர் நோவு கேட்கும் விதம் இது. வண்டி உள்ளே வந்ததும் பானட்டைத் திறக்கக் கூடாது. ஓட்டி வந்தவரை எதிரே நாற்காலியில் உட்கார வைப்பார். முதலாளி கூட வந்திருந்தால் அவருக்கு மோர் கொடுத்துத் தள்ளி உட்காரச் சொல்வார். வண்டியை யார் ஓட்டுகிறாரோ அவர்தான் பேச வேண்டும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர் என்பதால் "சரே, சொல்லுங்க" என்றுதான் தொடங்குவார். பிறகு மூன்று கேள்விகள். எப்போதிருந்து? என்ன செய்தால் கூடுகிறது? என்ன செய்தால் குறைகிறது?

டிரைவர்கள் பொதுவாக இதற்குப் பதில் சொல்ல மாட்டார்கள். "பம்பு போயிருச்சுக்கா," "பாயின்ட் தேஞ்சு போச்சுக்கா" என்று நேராக உறுப்பின் பெயருக்குப் போவார்கள். அக்கா கையைக் காட்டி நிறுத்துவார். "பேரு நாங்க வெச்சுக்கிறோம். நீங்க வண்டி என்ன செய்யுதுன்னு மட்டும் சொல்லுங்க." சொன்னதை அவர்களுடைய வார்த்தையிலேயே திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்டுக்கொள்வார். அதன் பிறகுதான் எங்களிடம் வண்டி வரும்.

இதெல்லாம் வீண் சடங்கு என்று தொடக்கத்தில் எனக்குத் தோன்றியது. தேவதானத்துக்காரர் ஒருவரின் வண்டி அந்த எண்ணத்தை மாற்றியது. விவசாயி. பழைய கார். சாவியைத் திருப்பினால் டிக் என்று ஒரு சத்தம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. சேத்தூரில் ஒரு பட்டறையில் புதிய பேட்டரி போட்டார்கள். இன்னொரு பட்டறையில் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிச் சுருள் கட்டினார்கள். எதிலும் சரியாகவில்லை. எப்போதிருந்து என்று அக்கா கேட்டதும், அவர் தயங்கி, "மக கல்யாணத்துல இருந்து" என்றார். மாப்பிள்ளை வீட்டுக்குள் காலை வைத்த நேரம் சரியில்லை என்று உறவில் பேச்சு கிளம்பி, மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டாராம்.

"கல்யாணத்துக்கு வண்டிக்கு என்ன செஞ்சீங்க?" என்று அக்கா கேட்டார்.

"ஒண்ணும் செய்யலை. பெயிண்ட் மட்டும் அடிச்சோம்."

பேட்டரியின் எர்த் வயர் பாடியில் முடுக்கப்படும் இடத்தைத் திறந்து பார்த்தேன். பெயிண்ட் அடித்தவர்கள் போல்ட்டைக் கழற்றி, அதற்கு அடியிலும் இரண்டு கோட் அடித்து, திரும்ப முடுக்கியிருந்தார்கள். இரும்பும் இரும்பும் தொட வேண்டிய இடத்தில் பெயிண்ட் இருந்தால் கரண்ட் திரும்பி வராது. உப்புத்தாளால் அந்த இடத்தைத் தேய்த்து முடுக்கினேன். வண்டி கிளம்பியது. அவர் அங்கேயே நின்றுகொண்டு மருமகனுக்குப் போன் போட்டார்.

இனி நான் சொல்ல வந்த வண்டி.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தொழிற்சாலை வைத்திருப்பவர் ரெங்கராஜன். அவருக்கு ஒரு புதிய கார் உண்டு. அவருடைய அப்பா வாங்கிய வெள்ளை அம்பாசடர் ஒன்றும் வீட்டில் இருந்தது. அதை ஓட்டியவர் சவரிமுத்து. அப்பா காலத்திலிருந்தே அந்த வீட்டு டிரைவர். வண்டி முக்கியமாக ரெங்கராஜனின் மனைவி கோதை அம்மாளுக்காக ஓடியது. வாரநாட்களில் ஊருக்குள் சில்லறை வேலைகள். சனிக்கிழமை காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, நம் பக்கத்துத் திருவண்ணாமலை என்னும் சிறு மலையில் இருக்கும் பெருமாள் கோயிலுக்கு.

சங்கடம் பெட்ரோலில் தொடங்கியது. வண்டி முன்பைவிட அதிகமாகக் குடிக்கிறது என்று ரெங்கராஜனுக்குத் தோன்றியது. பட்டறைக்கு அனுப்புவதற்கு முன்பே காரணத்தை அவர் முடிவு செய்துவிட்டார். மதுரையிலிருந்து பூட்டு வைத்த டேங்க் மூடி ஒன்றை வாங்கி வந்து தன் கையால் மாட்டி, சாவியைத் தன் கொத்தில் சேர்த்துக்கொண்டார். பெட்ரோல் போட வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை மாலை அவரே பங்க்குக்கு வந்து, பூட்டைத் திறந்து, டேங்க்கை நிரப்பிப் பூட்டுவார். சவரிமுத்துவிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. பூட்டு சொன்னது.

அந்த வாரமே வண்டி எங்களிடம் வழக்கமான சர்வீஸுக்கு வந்தது. பிளக்குகளைக் கழற்றினேன். கரி பூசியது போல் இருந்தன. பெட்ரோல் முழுதாக எரியவில்லை என்பதற்கு அது அடையாளம். சோக் கேபிள் துருப்பிடித்து இறுகி, குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது இழுக்கும் சோக் திரும்பிப் போகாமல் பாதியிலேயே நின்றிருந்தது. அதனால்தான் வண்டி அதிகம் குடித்தது. கேபிளை மாற்றினேன். அக்கா ரெங்கராஜனுக்குப் போன் செய்து விவரத்தைச் சொன்னார். இனி மைலேஜ் கூடும் என்றும் சொன்னார். மைலேஜ் கூடியது. ரெங்கராஜன் அதைப் பூட்டின் கணக்கில் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் வண்டி நிற்கத் தொடங்கியது.

சனிக்கிழமை காலை ராஜபாளையத்திலிருந்து கிளம்பும். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டித் திருவண்ணாமலை போகும் சாலையில் திரும்பியதும் திணறி நின்றுவிடும். செத்த நேரம் விட்டால் ஸ்டார்ட் ஆகும். கொஞ்ச தூரம் போகும். மறுபடி நிற்கும். கோதை அம்மாளை ஓர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, சவரிமுத்து வீட்டுக்குப் போன் செய்வார். ரெங்கராஜன் புதிய காரில் வருவார். வந்ததும் அம்பாசடர் கிளம்பும். அன்று முழுவதும் நிற்காது.

எங்களிடம் மூன்று முறை வந்தது. எல்லாமே திங்கட்கிழமைகள். அக்கா அப்போது மகளின் பிரசவத்துக்காக விருதுநகர் போயிருந்தார். கேள்வி கேட்க ஆள் இல்லை. நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். சூடான வண்டி, வெயில், மெதுவான ஓட்டம் என்றதும் எந்த மெக்கானிக்கும் முதலில் நினைப்பது, இன்ஜின் சூட்டில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்வதை. பெட்ரோல் குழாயை இன்ஜினிலிருந்து விலக்கிக் கட்டினேன். பம்பின் டயாஃப்ரமை மாற்றினேன். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். கண்டென்சரை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் முடங்கியாறு சாலையில் போய் வந்தேன். வண்டி ஒரு முறை கூட நிற்கவில்லை. சனிக்கிழமை நின்றது.

மூன்றாவது முறை நான் பார்த்து அனுப்பிய பின் வந்த சனிக்கிழமை வண்டி ஒருவழியாகத் தத்தித் தத்திக் கோயில் அடிவாரம் வரை போய், அங்கே நின்றுவிட்டது. ரெங்கராஜன் வந்தார். கிளம்பியது. அங்கே நிறுத்தியிருந்த வேன், கார், ஆட்டோ டிரைவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் சத்தமாகச் சொன்னார்: "பூட்டுப் போட்டதும் பெட்ரோல் மிச்சமாச்சு. வரும்படி நின்ன கோவத்துல வண்டிய நிப்பாட்டுறான். நான் வந்தா மட்டும் எப்படிக் கெளம்புது?"

இதை அங்கிருந்த வேன் டிரைவர் ஒருவர் பின்னர் என்னிடம் சொன்னார். ஒன்றாம் தேதியிலிருந்து வேறு டிரைவருக்குச் சொல்லி வைத்திருப்பதாகவும் ரெங்கராஜன் அன்றே அறிவித்துவிட்டார். இந்தப் பக்கத்தில் கார் வைத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள். பெட்ரோல் எடுத்ததற்காகவும் வண்டியைக் கெடுத்ததற்காகவும் நிறுத்தப்பட்ட டிரைவரை, அதுவும் ஐம்பத்தைந்து வயதுக்காரரை, யாரும் வேலைக்கு வைக்க மாட்டார்கள்.

அக்கா விருதுநகரிலிருந்து திரும்பிய வாரம், ஒரு வியாழக்கிழமை சவரிமுத்து வண்டியோடு வந்தார். இந்த முறை முதலாளி அனுப்பவில்லை, தானாக வந்தார். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார். வேலை போனால் போகட்டும், வண்டிக்கு என்ன என்று தெரிந்துவிட்டால் போதும் என்றார். அக்கா அவரை உட்கார வைத்தார்.

"சரே. எப்போ இருந்து?"

சொன்னார்.

"என்ன செஞ்சா கூடுது?"

யோசித்தார். சனிக்கிழமை போனால் என்றார். வேறு எந்த நாளும் நின்றதில்லை.

"என்ன செஞ்சா சரியாகுது?"

"எங்க முதலாளி வந்தா சரியாயிருது."

பக்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சவரிமுத்துவும் அவமானத்தோடு லேசாகச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"வந்ததும் அவர் என்ன செய்வாரு? முதல்ல இருந்து சொல்லுங்க. விடாம சொல்லுங்க."

"ஒண்ணும் செய்ய மாட்டாரு. கார்ல இருந்து எறங்குவாரு. என்னை மேலயும் கீழயும் பாப்பாரு. டேங்க் பூட்டத் தொறந்து, உள்ள குச்சிய விட்டு, பெட்ரோல் இருக்கான்னு பாப்பாரு. இருக்கும். பூட்டுவாரு. ஸ்டார்ட் பண்ணுலேம்பாரு. பண்ணுவேன். ஆயிரும்."

நான் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு வண்டியின் பின்பக்கம் போனேன்.

எண்ணெய் டின்னைத் திறந்து பழக்கமுள்ளவர்களுக்கு இது புரியும். ஒரு துளை மட்டும் போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் விட்டு விட்டுத்தான் வரும். எதிரே இன்னொரு துளை போட்டால் தாராளமாக இறங்கும். உள்ளிருந்து ஒன்று வெளியே போக வேண்டுமென்றால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். பெட்ரோல் டேங்க்கும் அப்படித்தான். பழைய வண்டிகளில் காற்று உள்ளே போவதற்கு டேங்க் மூடியில் ஒரு சிறு துளை இருக்கும். அது அடைபட்டால் பம்பு இழுக்க இழுக்க உள்ளே காற்று இல்லாமல் போய், ஒரு கட்டத்தில் பெட்ரோல் வருவது நிற்கும். மூடியைத் திறந்தால் காற்று புகுந்து சரியாகிவிடும்.

அந்தப் பூட்டு மூடியில் துளை எங்கே இருக்கிறது என்று தேடினேன். தெரியவில்லை. சாவித் துவாரத்துக்குச் சற்று மேலே, துவாரத்தில் படாமல் கவனமாக, ஒரு சந்தனப் பொட்டு இருந்தது. நடுவில் குங்குமம். ஒரு நாள் வைத்த பொட்டு இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, புளியங்கொட்டை கனத்துக்கு ஏறியிருந்தது. காய்ந்து, நடுவில் விரிசல் விட்டிருந்தது.

கோதை அம்மாள் வெள்ளிக்கிழமை தோறும் வண்டிக்குப் பொட்டு வைப்பார் என்று சவரிமுத்து சொன்னார். பானட், ஸ்டியரிங், நான்கு சக்கரம். பூட்டு வந்த பிறகு பூட்டுக்கும். பங்க்குக்குப் போய் வந்ததும், விளக்கேற்றும் நேரத்தில் வைப்பார்.

இப்போது எல்லாம் பொருந்தியது. வெள்ளி மாலை டேங்க் முழுக்க நிறைகிறது. நிறைந்த டேங்க்கில் பெட்ரோலுக்கு மேலே காற்று இருக்க இடமே இல்லை, ஆகவே அடைப்பு சீக்கிரம் வேலையைக் காட்டும். பிறகு ஈரச் சந்தனம் துளையை மூடுகிறது. சனிக்கிழமை வண்டி நிற்கிறது. முதலாளி மூடியைத் திறந்ததும் காற்று புகுகிறது, அவர் கை பட்டுச் சந்தனமும் கீறிவிடுகிறது, அன்று முழுவதும் வண்டி ஓடுகிறது. திங்கட்கிழமைக்குள் சந்தனம் காய்ந்து வெடித்துவிடும், டேங்க்கும் குறைந்துவிடும். பட்டறைக்கு வரும்போது நல்ல வண்டியாக இருக்கும்.

"வண்டியக் கழுவும்போது இதைத் தொடைக்க மாட்டீகளா?" என்று கேட்டேன்.

"அம்மா வெச்சதுல்லா அண்ணாச்சி. நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன். நான் தொடைச்சா அவிய மனசு என்னமும் நெனைக்கும். சுத்திதான் கழுவுவேன்."

பொட்டைச் சுரண்டி எடுக்கக் கையைக் கொண்டுபோனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் குருசாமி. இப்போ எடுத்தா வண்டி சரியாயிரும். இவரு சரியாவாரா?"

எனக்கு அது சம்மதமில்லை. கோளாறு தெரிந்த பிறகு ஒரு வண்டியைச் சரி செய்யாமல் வெளியே விட்டது என் தொழிலில் கிடையாது. சொன்னேன். அக்கா பொறுமையாக விளக்கினார். இப்போது சரி செய்து அனுப்பினால், வேலை போகும் என்ற பயத்தில் டிரைவர் சேட்டையை நிறுத்திவிட்டான் என்று ரெங்கராஜன் சொல்வார். போனில் சொன்னாலும் நம்ப மாட்டார். சோக் கேபிளைச் சொன்னபோது நம்பினாரா? அவர் கண்முன்னால் நிற்க வேண்டும், அவர் காதால் கேட்க வேண்டும். சவரிமுத்துவைப் பார்த்து, இன்னும் ஒரு சனிக்கிழமை பொறுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். அவர் தலையாட்டினார்.

ரெங்கராஜனை வரவழைப்பது எளிதாக இருந்தது. டிரைவர் என்ன செய்கிறார் என்று கண்டுபிடிக்கலாம், நீங்களும் சனிக்கிழமை பின்சீட்டில் வர வேண்டும் என்று அக்கா சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் உடனே ஒப்புக்கொண்டார்.

சனிக்கிழமை காலை சவரிமுத்து ஓட்டினார். அவருக்குப் பக்கத்தில் நான். பின்னால் ரெங்கராஜன், கோதை அம்மாள், ருக்மணி அக்கா. மூடியில் புதுப் பொட்டு ஈரமாக இருந்ததைக் கிளம்பும் முன் பார்த்துக்கொண்டேன். ரெங்கராஜன் முன்னால் சாய்ந்து டிரைவரின் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஊருக்குள் நெரிசலில் ஊர்ந்தபோது, நிற்காமல் போய்விடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. வண்டி நிற்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அந்த ஒரு நாள்தான்.

ஊரைத் தாண்டித் திருவண்ணாமலை சாலையில் திரும்பினோம். ஒரு தென்னந்தோப்பு அருகே இன்ஜின் ஒரு முறை இருமியது. பிறகு திணறியது. சவரிமுத்து வண்டியை ஓரம் கட்டினார். நின்றது.

"பாத்தீங்களா" என்றார் ரெங்கராஜன்.

"பாத்தோம்" என்றார் அக்கா. "அவர் கால் எதுலயாவது பட்டுச்சா?"

ரெங்கராஜன் இறங்கி, வழக்கம்போல் சாவிக்கொத்தோடு பின்பக்கம் போனார். நான் முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"திறக்காதீங்க சார். செத்த பொறுங்க. காதைப் பூட்டுக்குப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத் திறங்க."

முகத்தைச் சுளித்துக்கொண்டே குனிந்தார். சாவியைத் திருப்பினார். மூடி விலகியதும் நீளமாக ஓர் உறிஞ்சும் சத்தம் வந்தது. சாலை ஓரத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. அவர் சட்டென்று முகத்தை விலக்கினார்.

எண்ணெய் டின் கதையைச் சொன்னேன். மூடியைத் திருப்பி உட்புறம் காட்டினேன். அங்கே துளையின் மறு முனை தெரிந்தது. சந்தனம் அதில் ஒரு மணி போல் பிதுங்கியிருந்தது. சவரிமுத்துவை ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். வண்டி ஒரு திருப்பில் கிளம்பியது.

"நீங்க வந்தா கெளம்புனது இதனாலதான் சார். ஒவ்வொரு தடவையும் நீங்கதான் சரி பண்ணியிருக்கீங்க."

ரெங்கராஜன் மூடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று தெரிந்து சவரிமுத்து முந்திக்கொண்டார். அம்மா வைத்தது தப்பில்லை, துடைக்காமல் விட்டது தான்தான் என்றார்.

கோதை அம்மாள் அதைக் காதில் வாங்கவில்லை. கணவரிடம் பேசினார். அம்மாள் நீளமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"பூட்டு வந்த நாள்ல இருந்து இந்த மனுசன் மொகம் பாக்க முடியலை. உங்ககிட்ட சொன்னேன், கேக்கலை. சரி, அந்தப் பூட்டுக்கே ஒரு பொட்டு வெச்சு, இவரு பேரு கெடாமப் பாத்துக்கப்பான்னு பெருமாள்கிட்ட கேட்டேன். வாராவாரம் கேட்டேன்." மூடியைக் காட்டி, "அதையே நான் அடைச்சிருக்கேன்" என்றார்.

தாலிச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றினார். என்னிடம் கொடுப்பார் என்று கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. மூடியை வாங்கி, முந்தானையால் பொட்டைத் துடைத்து, ஊக்கின் முனையால் துளையைத் தானே குத்தித் திறந்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுக் கணவரிடம் நீட்டினார்.

மீண்டும் ஏறினோம். வண்டி நிற்கவில்லை. அடிவாரத்தில் வழக்கமான இடத்தில் வேன்களும் கார்களும் வரிசையாக நின்றிருந்தன. டிரைவர்கள் நிழலில் கூடி நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சவரிமுத்து வண்டியை நிறுத்தினார். ரெங்கராஜன் இறங்கினார். அக்காவும் நானும் இறங்கினோம். கோதை அம்மாள் இறங்கவில்லை.

"வா, நேரமாச்சு" என்றார் ரெங்கராஜன்.

"நான் வரலை. அன்னிக்கு இந்த எடத்துலதான சொன்னீங்க. இங்கேயே சொல்லிட்டு வாங்க. பொறவு எறங்குறேன்."

ரெங்கராஜன் அக்காவைப் பார்த்தார். அக்கா மலையைப் பார்த்தார். ரெங்கராஜன் என் பக்கம் திரும்பினார். நானும் மலையைப் பார்த்தேன். நூறு பேர் வேலை செய்யும் தொழிற்சாலையின் முதலாளி அவர். சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். பிறகு டிரைவர்கள் நின்ற இடத்துக்கு நடந்து போனார். அவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"வண்டியில பெட்ரோலை யாரும் எடுக்கலை," என்றார். "சவரிமுத்து ஒண்ணும் செய்யலை. நான் போட்ட பூட்டுதான் கோளாறு."

கீழே பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார். கூட்டத்தில் முதல் ஆளாக, அவர் கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றவர் அன்று நடந்ததை எனக்குச் சொன்ன அதே வேன் டிரைவர். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"கேக்கலை முதலாளி" என்றார்.

சவரிமுத்து அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தூசி இல்லாத முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ரெங்கராஜன் நிமிர்ந்தார். மறுபடி சொன்னார். இந்த முறை படிக்கட்டுப் பக்கம் பூ விற்றுக்கொண்டிருந்த பெண்கள் வரை திரும்பிப் பார்த்தார்கள்.

சவரிமுத்து துணியை மடித்து வைத்துவிட்டு அவர் அருகே போனார்.

"போதும் முதலாளி. வெயில் ஏறுது. படி சூடாயிருச்சுன்னா அம்மாவால ஏற முடியாது" என்று சொல்லிவிட்டு வந்து, பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.